ஒன்பதாம் பாகத்தின் கடைசி வரி

ஈசூனில் இரவுக் காட்சி முடிந்து
நகர்படியில் இறங்கும்போதே
சண்டை தொடங்கிவிட்டது.

பதினெட்டு வருடம்.
எட்டுப் பாகங்களாக ஒரே கப்பல்
ஒரே கரையைத் தேடிக்கொண்டிருந்தது.
முதல் பாகத்துக்கு ஜெயசீலன்
பள்ளிச் சட்டையின் பெயர்ப்பட்டையை
கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு வந்தான்.
இப்போது அவனுக்கு முட்டிவலி,
ஓரத்து இருக்கைதான் வேண்டும், கால் நீட்ட.

ஒன்பதாவதில் கரை வந்தேவிட்டது.
தளபதி இல்வா கதவைத் திறந்து
காற்றில்லாத வெளியில் இறங்கினாள்.
கப்பலைத் திரும்பிப் பார்த்து
ஏதோ சொன்னாள்.
சத்தம் இல்லை, உதடு மட்டும்.
அப்புறம் கறுப்புத் திரை. பெயர்கள்.

ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார்.
ஒருவர் காசைத் திருப்பிக் கொடு என்றார் மலாயில்,
யாரிடம் என்று தெரியவில்லை.

ஆனால் திரைக்கு அடியில்
எல்லாப் படத்திலும் ஓடுகிற சீன எழுத்து
அந்த இடத்திலும் ஓடியது.
மூன்றே மூன்று எழுத்து.
அதைப் படிக்கத் தெரிந்தவர்களிடம்
அவள் பேசிவிட்டுப் போயிருக்கிறாள்.
ஜெயசீலன், முனீரா, நான்
மூன்று பேரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெய் ஜே எப்போதும் அரை நொடி முன்னால் சிரிப்பவன்.
வசனம் வந்து சேருமுன் வரி அவனை அடைந்துவிடும்.
நேற்று அவன் சிரிக்கவில்லை.

“என்னதான் போட்டிருந்தான்?”
பரோட்டாவைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தான்.
“திரும்பிப் போ-ன்னு வச்சுக்கலாம்.
திரும்பிப் போயிடலாம் வா-ன்னும் வச்சுக்கலாம்.
ரெண்டுக்கும் அதே மூணு எழுத்துதான்.”

அவ்வளவுதான். மேசை இரண்டாகப் பிளந்தது.

“இத்தனை வருசம் தேடிட்டு
வாசல்ல நின்னு போ-ன்னா
அது படமா, ஏமாத்து வேலையா?”
“கூப்பிடுறாடா அவ. உனக்குக் கேட்கல.”
“யாருக்குமே கேட்கலயே!”
தே ஆலியாவில் ஆடை படிந்தது.
கடைக்காரர் பக்கத்து நாற்காலிகளை
ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கினார்,
வேண்டுமென்றே சத்தமாக.

நான் அதிகம் பேசவில்லை.
என் தலைக்குள் வேறொரு சண்டை.
தமிழில் அந்த வரியை எழுதச் சொன்னால்?
நம் வினைச்சொல்
வாலில் ஓர் ஆளைக் கட்டிக்கொள்ளாமல்
வீட்டைவிட்டு இறங்காது.
போ என்றால் நீ.
போவோம் என்றாலும் விடுகிறதா,
அது நாமா, நாங்களா?
அவளையும் சேர்த்தா, அவளை அங்கேயே விட்டுவிட்டா?

பத்தாவது வந்தால் நான் வரமாட்டேன் என்று
ஜெயசீலன் நான்கு பேருக்கும் பணம் கொடுத்தான்.

காலையில் ஹேவ்லாக் சதுக்கம்.
எட்டாம் எண் அறையில் நான் மொழிபெயர்ப்பாளர்,
உள்ளதை உள்ளபடி சொல்வேன் என்று
சத்தியம் செய்தவள்.
கூண்டில் தெய்வயானை.
கணவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்.
கணவர் வழக்குக்கு வரவில்லை,
ஆறு வாரமாக எங்கேயும் வரவில்லை.

அன்றிரவு கதவருகே என்ன சொன்னார்
என்று கேட்டார்கள்.

“போயிட்டு வர்றேன்னாரு.”

வாயைத் திறந்தேன்.
போகிறேன் என்றார் எனச் சொன்னால்
இவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.
திரும்பி வருவேன் என்றார் எனச் சொன்னால்
அது ஒரு வாக்குறுதி, இவர் ஏமாந்தவர்.
குப்பை போடக் கீழே இறங்குகிறவரும்
இதைத்தான் சொல்கிறார் எங்கள் வீடுகளில்.
விமானம் ஏறுகிறவரும்.
வெறும் போறேன் என்று
வாசலில் யாரும் சொல்வதில்லை.

நீதிபதியின் பேனா தாளுக்கு மேல் நின்றது.
ஒரு நிமிடம் வேண்டும் என்றேன்.

தெய்வயானை
என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.